நேரா நின்ன ரத்தம்

எங்க ஊர்ல ரத்தம் சாஞ்ச காலம்னு ஒண்ணு இருந்துச்சு. வெளியூர்க்காரங்ககிட்டச் சொன்னா சிரிக்காங்க. சிரிச்சுட்டுப் போகட்டும், எனக்கென்ன வந்துச்சு, நான் கேள்விப்பட்டதைச் சொல்லல, கையில பிடிச்சுப் பாத்ததைச் சொல்லுதேன். பெரியாஸ்பத்திரி லேப்ல எனக்கு வேலை, லூர்துன்னு கேட்டா வாட்ச்மேன்கூட வழி சொல்லுவான். வெறும் வயித்தோட சுகர் டெஸ்டுக்கு வந்த ஜனம் ‘இன்னும் எவ்வளவு நேரம் தாயி, மயக்கமா வருது’ன்னு புலம்பிக்கிட்டு நின்ன ஒரு காலை நேரத்துல, கறிக்கடை சுடலைமுத்து அண்ணாச்சிகிட்ட ரத்தம் எடுத்து, டியூப்பை மூடி, ரேக்ல நிப்பாட்டிட்டுத் திரும்பிப் பாக்கேன், ரேக் நேரா இருக்கு, டியூப் நேரா இருக்கு, உள்ள இருக்க ரத்தம் மட்டும், சாய்ச்சு வச்ச சொம்புத் தண்ணி மாதிரி, ஒரு பக்கமா ஏறி வாசலைப் பாத்துச் சாஞ்சு நிக்குது. வாசல்ல அண்ணாச்சி சம்சாரம் இட்லித் தூக்குச்சட்டியோட நின்னுக்கிட்டு இருந்தா. அவ வெயிலுக்கு ஒதுங்கி வேப்பமரத்தடிக்குப் போனா, ரத்தமும் திரும்பி வேப்பமரத்தடியைப் பாத்துச்சு. ‘இதென்ன கூத்து’ன்னுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வரிசை கேட்டைத் தாண்டி நின்னுச்சு.

மத்தியானத்துக்குள்ள எல்லா டியூப்பும் அப்படித்தான், ஆளுக்கொரு திசை. லேப் டாக்டர் வேலாயுதம், புது வார்டு கட்டிக்கிட்டிருந்த கொத்தனார்கிட்ட மட்டம் பாக்குற ரசமட்டத்தை இரவல் வாங்கிட்டு வந்து, மேசை மேல வச்சு, தரையில வச்சு, ஜன்னல் கட்டையில வச்சுப் பாத்துட்டு, ‘கட்டடம் சரியாத்தான்மா இருக்கு, ரத்தம்தான் சாயுது’ன்னாரு. அதோட சரி. காரணம் தேட மதுரையில இருந்தும் சென்னையில இருந்தும் ஆளுங்க வந்தாங்க, டீ குடிச்சாங்க, போனாங்க. எங்க ஜனத்துக்குக் காரணம் எதுக்கு? யார் மேல யாருக்கு உசுரோ, அந்தாள் இருக்கிற பக்கம் ரத்தம் சாயும். இவ்வளவுதான் சங்கதி, இதுக்கு மேல தெரிஞ்சு என்ன ஆகப்போகுது.

பொறவு நடந்ததைச் சொன்னா விடிஞ்சிரும். பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜி சொஜ்ஜிக்கு முன்னால ‘மாப்பிள்ளை சாய்வு பாத்தாச்சா’ன்னு கேட்டாங்க. மகன் தன்னைக் கைவிட்டுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச பூக்காரி பேச்சியம்மாளுக்கு, துபாயில கொத்து வேலை பாத்துட்டு லீவுல வந்த அந்த மகனோட ரத்தம், லேப் வாசல்ல பூக்கூடையோட நின்னவ பக்கம் சாஞ்சு நின்னதைக் காட்டினப்போ, அவ டியூப்பைக் கையில வாங்கிக் கன்னத்துல வச்சுக்கிட்டா. ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தருக்கு ரத்தம் சுடுகாட்டுப் பக்கமாச் சாஞ்சுச்சு, அவர் சம்சாரம் அங்கதான் இருக்கா, மனுசன் அதைப் பாத்துட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘அவ உசுரோட இருக்கையில ஒருநாளாச்சும் இதைச் சொல்லியிருக்கலாம்’னாரு. அன்பான புருசன்னு பேரெடுத்த ஒருத்தனுக்கு, கட்டினவ பக்கத்துல நிக்கும்போதே, ரத்தம் தெக்குத் தெருவைப் பாத்துச் சாஞ்சு ரகளையாயிருச்சு. பாதிப்பேர் சுகர் டெஸ்டுக்கு வர்றதையே விட்டுட்டாங்க, சுகர் ஏறினாலும் பரவால்ல, குட்டு வெளிப்படக் கூடாதுன்னு. ‘மூஞ்சியைப் பாத்தா போதாது, ரத்தத்தைப் பாரு’ன்னு ஒரு சொலவடையே வந்துருச்சு. சர்ச்சுல பங்குச் சாமியார் பிரசங்கத்துல சாய்வு, கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டுல சாய்வு, முனிசிபாலிட்டி மீட்டிங்ல சாய்வு. எனக்குச் சாய்வு மேக்க. எம் மக கேரளாவுல நர்சிங் படிக்கா, மேக்க சாயாம வேற எங்க சாயும்.

இப்படி ஊரே சாஞ்சு கிடந்த காலத்துல சாயாம நின்ன ரத்தம் ஒண்ணே ஒண்ணு. அது எங்க ஆவுடையக்கா ரத்தம்.

ஆவுடைநாயகின்னு முழுப்பேரு. லேப்ல எனக்கு சீனியர். மூணு தம்பிகளைப் படிக்க வச்சு, கல்யாணமும் முடிச்சு வச்சு, நிமிந்து பாக்கையில தலையில நரை, ‘போதும்டி, வண்டி போயிருச்சு’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. வேலையில ஒரு மயிரிழை பிசகாது. எங்க வேலையில ஒரு முறை உண்டு: காலையில லேப்பைத் திறந்ததும் ஊர் ரத்தத்தைத் தொடப்படாது, நல்ல ரத்தம்னு நமக்குத் தெரிஞ்ச ஒரு ரத்தத்தை முதல்ல வச்சுப் பாக்கணும். அது சரியா வந்தா மெஷின் சரி, மருந்து சரி, அன்னிக்கு எழுதுற ரிப்போர்ட் எல்லாம் சரி. அதுக்குப் பேரு கன்ட்ரோல். கம்பெனிக் கன்ட்ரோல் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா உண்டு, வராட்டா இல்ல. அதனால அக்கா தினமும் காலையில ரப்பரைப் பல்லுல கடிச்சு இழுத்து இடது கையில கட்டி, தானே குத்தி, தன் ரத்தத்தைத்தான் கன்ட்ரோலா வைப்பா. வச்சுப் பாத்ததும் அதைச் சலைன் ஊத்திக் கழுவி, ரத்தக் குரூப் பாக்குறதுக்குச் சிவப்பு அணுவை மட்டும் பிரிச்சிருவா, சொட்டு வீணாக்க மாட்டா.

அந்த டியூப்தான் நேரா நின்னுச்சு. டாக்டர் ரசமட்டத்தைப் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, ‘ஆவுடை, இனிமே உங்க டியூப்தான்மா ரசமட்டம், மத்த சாய்வெல்லாம் இதை வச்சுத்தான் சொல்லணும்’னுட்டாரு. ஊருக்குள்ள அக்காவுக்கு ஏக மரியாதை. யார் பக்கமும் சாயாத பொம்பளைன்னு பஞ்சாயத்துக்கெல்லாம் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அக்காவுக்கும் அதுல ஒரு பெருமை, ஆனா அந்தப் பெருமைக்கு அடியில ஒரு வருத்தமும் கிடந்துச்சு, எனக்குத் தெரியும். ஒருநாள் கை கழுவிக்கிட்டே கேட்டா, ‘ஏட்டி லூர்து, மனுசப்பிறவியில ஒருத்தர் மேலயும் ஆசையில்லாம இருக்க முடியுமாட்டி?’

எப்பவாவது ஒருநாள் அக்கா டியூப்பும் சாஞ்சிருக்கு. கன்ட்ரோல் சரியா வரலன்னா எங்க சட்டம் என்ன? கீழ கொட்டு, கோளாறு எங்கன்னு பாரு. அக்கா கொட்டிட்டு, மேசைக்கால்தான் ஆடுதுன்னு சொல்லி, குளுக்கோஸ் பெட்டி அட்டையை மடிச்சுக் காலுக்கு அடியில சொருகினா. மறுநாள் ரத்தம் நேரா நின்னுச்சு. ‘பாத்தியா, மேசைக்கால்தான்’னா. அந்த அட்டையை அப்படியே விட்டுட்டோம்.

இப்ப மேல் மாடிக்கு வரணும். எங்க லேப்புக்கு நேர் மேல கண் பிரிவு. அங்க கண்ணு டெஸ்ட் பண்ணுற நல்லசிவன் சார் குரல், நாங்க லேப்பைத் திறக்குறதுல இருந்து நாள் முழுக்க, காரைத் தளத்தைத் தாண்டி எங்களுக்குக் கேக்கும். ‘இப்பத் தெரியுதா? இப்ப? இது நல்லாருக்கா, அது நல்லாருந்துச்சா?’ எத்தனை கிழவன் எத்தனை கிழவி வந்து ‘ஒண்ணும் தெரியல சாமி’ன்னாலும் அந்தக் குரல் ஏறாது, சலிக்காது, கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு ‘இப்பத் தெரியுதா?’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அக்கா அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டேதான் டியூப் கழுவுவா, அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டேதான் சாப்பிடுவா. ஸ்டூலை இழுக்குற சத்தம் கேட்டா, ‘சார் சாப்பிடக் கிளம்பிட்டாரு, மணி ஒண்ணாச்சு’ன்னு கடிகாரத்தைப் பாக்காமலே சொல்லுவா. படுக்கையில கிடந்த தாயாருக்காகக் கல்யாணமே பண்ணாத மனுசன். ஆஸ்பத்திரியில எல்லாரும் ரத்தம் குடுத்துச் சாய்வு பாத்தாச்சு, அவர் மட்டும் பிடி குடுக்கல. ‘சார், ஊசின்னா பயமோ’ன்னு நர்சுங்க கேலி பண்ணினா, ‘ஆமாம்மா, ரொம்பப் பயம்’னுட்டுப் போயிருவாரு.

தாயார் காரியமெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு, மத்தியானம் ஓ.பி. முடிஞ்ச நேரத்துல, சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு அந்த மனுசன் லேப்புக்குள்ள வந்தாரு. நான் மூலையில ஸ்லைடு கழுவிக்கிட்டு இருந்தேன், என்னைப் பாத்தாரா பாக்கலையான்னு தெரியல. அக்கா முன்னால உக்காந்து கையை நீட்டினாரு.

‘எடுத்துப் பாருங்க மேடம்.’

அக்கா எடுத்தா. ரேக்ல நிப்பாட்டினா. ரத்தம் அக்கா பக்கமாச் சாஞ்சுச்சு. அக்கா எந்திரிச்சு ஃபிரிட்ஜ்கிட்டப் போனா, அதுவும் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்புச்சு. தண்ணிக்குழாய்கிட்டப் போனா, அங்கயும் திரும்புச்சு. அக்கா வந்து பொத்துன்னு உக்காந்துட்டா.

‘இது இன்னிக்கு நேத்து சாஞ்சது இல்ல மேடம்,’ன்னாரு அவரு. ‘அம்மா அப்படிக் கிடக்கையில இன்னொருத்தரை அந்த வீட்டுக்குக் கூப்பிட எனக்கு வாய் வரல. இப்ப அம்மாவும் இல்ல. உங்க மனசு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. இல்லன்னாலும் தப்பில்ல.’

அக்கா அந்த டியூப்ல அவர் பேரை எழுதி ஒட்டினா. பொறவு சொன்னா, ‘எனக்கும் என்னமோ இருக்கும்னுதான் சார் நினைச்சிருந்தேன். ஆனா டியூப்ல வரலியே. இன்னிக்குக் காலையிலகூடப் பாத்தேன், நேராத்தான் நின்னுச்சு. வராததை வந்துச்சுன்னு ரிப்போர்ட் எழுத என்னால முடியாது. அதுவும் உங்களுக்கு.’

நான் வாய் பொறுக்காம, ‘இப்ப ஒருக்கா எடுத்துத்தான் பாருங்களேன்க்கா’ன்னேன். ‘காலையில எடுத்தது சலைன்ல கழுவியாச்சுட்டி. கன்ட்ரோல் ஒரு நாளைக்கு ஒருக்காதான்’னா அக்கா. அவரும் அவசரமா, ‘வேண்டாம் லூர்தம்மா, அவங்களைத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டாம்’னாரு. பெரிய மனுசன் பேச்சு! ஐயோ, அந்த ஒரு ஊசியைக் குத்தியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? கை எதிரேயே இருந்துச்சு, ஊசி மேசையிலயே இருந்துச்சு, அந்த மனுசன் அக்காவுக்கு முன்னால, அத்தனை வருசத்துல முதல் தடவையா, ஒரு முழ தூரத்துல உக்காந்திருந்தாரு.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கிட்டு, ‘நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் மேடம் வந்தேன்’னு சொல்லிட்டு மாடிக்குப் போனாரு. அந்த வார முடிவுலயே தர்மபுரியில இருக்கிற அவரு அக்கா ஊருக்கு மாத்தல் கேட்டு, கிடைச்சு, ஒரு டிரங்குப் பெட்டியோட பஸ் ஏறிட்டாரு.

மறுநாள் காலையில அக்கா கன்ட்ரோல் வச்சா. ரத்தம் வடக்கப் பாத்துச் சாஞ்சுச்சு.

கொட்டிட்டு, அட்டையைச் சரியாச் சொருகி, திரும்ப எடுத்தா. வடக்க. டியூப்பை மாத்தினா. வடக்க. கையை மாத்தினா, ஊசியை மாத்தினா, ரேக்கை மாத்தினா. வடக்க, வடக்க, வடக்க. டியூப்பைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு வெளிய வந்து வேப்பமரத்தடியில பாத்தா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய்ப் பாத்தா, அது வடக்கயேதான் ஏறி நின்னுச்சு. நான் அதுக்குள்ள மாடிக்கு ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்தேன். கண் பிரிவுல அவர் ஸ்டூல் உரசி உரசித் தரையில நாலு குழி விழுந்திருந்துச்சு. அந்த இடம் எங்க மேசைக்கு, எங்க ரேக்குக்கு, நேர் மேல.

‘அக்கா,’ன்னேன், ‘உங்க ரத்தம் சாயாம நிக்கலக்கா. அவர் உங்க தலைக்கு மேலயே இருந்தாரு. மேல பாக்குற ரத்தம் எந்தப் பக்கம்க்கா சாயும்? முன்னால சாஞ்சதுன்னு கொட்டினீங்களே, அந்த நாளெல்லாம் அவர் கிராமத்துக்குக் கண் கேம்ப் போன நாளு.’

அக்கா கீழ குனிஞ்சு அந்த அட்டையைப் பாத்தா. ‘பாவி, நான் அதை மேசைக்கால்னு நினைச்சேனே’ன்னா.

உடனே கிளம்ப வேண்டியதுதானே? கிளம்பல. அது யார் தப்பும் இல்ல, வேலை ஊறின உடம்பு. ‘ஒருக்கா தப்பா ரிப்போர்ட் குடுத்துட்டேன், இன்னொருக்கா தப்பா குடுத்துரப்படாது. கொஞ்ச நாள் ரிப்பீட் வச்சுப் பாத்துக்கிடுதேன்’னா. ‘போனையாவது போடுங்கக்கா’ன்னு நான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். ‘உறுதியாத் தெரியாம அந்த மனுசன் மனசைத் திரும்பக் கிளறப்படாதுட்டி’ன்னா. நாளும் எடுத்தா, நாளும் பாத்தா, நாளும் வடக்க. ஒருவழியா ‘சரி, உறுதிதான்’னு லீவு சொல்லி, புதுச்சேலை ஒண்ணு எடுத்து, அதை எனக்குப் பிரிச்சுக் காட்டிக்கிட்டு இருந்த அன்னிக்கு, நல்லசிவன் சாரோட அக்கா தாம்பாளத்துல வெத்தலைபாக்கு, குங்குமச்சிமிழ், பத்திரிகையெல்லாம் வச்சுக்கிட்டு லேப்புக்குள்ள வந்தாங்க.

‘தம்பிக்கு எங்க ஊர்லயே பொண்ணு பாத்தாச்சும்மா. அவனும், உங்க இஷ்டம்க்கான்னுட்டான். நம்ம பக்கம் சாயுற ரத்தம்னு ஒண்ணைத் தேடிக்கிட்டே உக்காந்திருந்தா ஆவுமா, வயசான காலத்துல ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுக்க ஆள் வேண்டாமா? ஆவுடை மேடத்தை மறக்காம கூப்பிடுன்னு அவன்தான் சொல்லிவிட்டான். நீங்க அவசியம் வரணும்.’

அக்கா எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையாலயும் வாங்கி, குங்குமம் எடுத்து வச்சுக்கிட்டு, ‘நல்லாருக்கட்டும்மா’ன்னா. அந்தம்மா படியிறங்கிப் போனதும் நான் கத்தினேன், ‘இப்பவாவது வாயைத் திறங்கக்கா, இன்னும் தாலி ஏறல!’ அக்கா சேலையை மடிச்சுக்கிட்டே, ‘அந்தப் பொண்ணு என்னட்டி பாவம் பண்ணுச்சு’ன்னா.

கல்யாணத்தன்னிக்குக் காலையில நான் லேப்புக்கு வந்தப்போ அக்கா எனக்கு முன்னால வந்து கன்ட்ரோல் வச்சிருந்தா. என்னைப் பாத்ததும் டியூப்பை ரேக்ல இருந்து உருவிக்கிட்டு ஓடிவந்தா. அப்படி ஒரு முகத்தை நான் அவகிட்டப் பாத்ததே இல்ல, சின்னப்பிள்ளை மாதிரி.

‘லூர்து, நேரா நிக்குதுட்டி! பாரேன், நேரா நிக்குது! வந்துட்டாருட்டி!’

தாலி கட்டாம எந்திரிச்சு வந்துட்டாருன்னு நினைச்சுட்டா. வந்து மேல ஸ்டூல்ல உக்காந்திருக்காருன்னு நினைச்சுட்டா. நான் கூப்பிடக் கூப்பிடக் கேக்காம, செருப்புகூடப் போடாம, டியூப்பைக் கையில ஏந்திக்கிட்டு மாடிப்படியில ஓடினா.

நான் ரேக்கைப் பாத்தேன். கன்ட்ரோலைத்தான் முதல்ல பாக்கணும்ங்கிறது எங்க முறை, அக்கா அதை மட்டும்தான் பாத்திருந்தா. வார்டுல இருந்து வந்திருந்த ரத்தம் பக்கத்துலயே வரிசையா நின்னுச்சு. பூக்காரி பேச்சியம்மா ரத்தம், வாட்ச்மேன் ரத்தம், பேர் தெரியாத பத்துப்பேர் ரத்தம், எல்லாம் நேரா, சமமா, சும்மா. என் கையில நானே குத்தி எடுத்துப் பாத்தேன். மேக்க சாயல. சாய்வு எப்படி வந்துச்சோ அப்படியே போயிருச்சு. எல்லா நாளையும் விட்டுட்டு, போறதுக்கு அதுக்கு அந்த நாள்தானா கிடைச்சுச்சு?

அன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு, ‘விட்டது சனியன்’னு பாதிப்பேரும், ‘இனிமே யாரை நம்ப’ன்னு பாதிப்பேரும் பேசிட்டு, மறுவாரமே சுகர் வரிசையில பழையபடி வந்து நின்னாங்க. அதெல்லாம் பொறவு.

நான் மாடிக்குப் போகையில அக்கா கண் பிரிவுல, நோயாளி உக்கார்ற நாற்காலியில உக்காந்திருந்தா. ஸ்டூல்ல புதுசா வந்த பொண்ணு. மூச்சு வாங்க வந்து நின்ன அக்காவைக் கண்ணு காட்ட வந்த யாரோன்னு நினைச்சு உக்கார வச்சு, மூக்குல ஃபிரேமை மாட்டி, கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அக்கா அழுதுக்கிட்டு இருந்தா. ‘ஏன்மா, கண்ணுல தண்ணி வடியுதே, ரொம்ப நாளா இப்படித்தானா?’ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் ஃபிரேமைக் கழட்டி, அக்கா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன்.

கீழ வந்ததும் அக்கா ரேக் முன்னால நின்னு ஒவ்வொரு டியூப்பாப் பாத்தா.

‘எல்லாரோடதுமா?’

‘எல்லாரோடதும்க்கா.’

‘உன்னோடதும்?’

‘ஆமாக்கா.’

முந்தானையால மூஞ்சியைத் துடைச்சா. தன் டியூப்பை ரேக்ல வச்சா. ‘அப்ப கன்ட்ரோல் சரியாத்தான் வந்திருக்கு. ரிப்போர்ட் எழுது’ன்னா.

எழுத உக்காந்தேன். அக்கா தரையில மண்டி போட்டு, மேசைக்காலுக்கு அடியில சொருகியிருந்த அந்த அட்டையை உருவி எடுத்தா. எடுத்துட்டு, மேசையில ரெண்டு கையையும் ஊன்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அமுக்கி அமுக்கிப் பாத்தா. மேசை ஆடவே இல்ல.